வயதானால் உடல் கொழுப்பில் அழற்சி ஏன் கூடுகிறது? உடற்பயிற்சி அதைக் குறைக்குமா?

அழற்சி என்பது காயத்துக்கும் கிருமிக்கும் உடல் காட்டும் எதிர்ப்பு. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அட்டை கடித்த இடம் சிவந்து, வீங்கி, அரிக்கிறதே, அதுதான். சில நாளில் அடங்கிவிடும். கொழுப்பில் வருவது அடங்காத ரகம். லயத்து அடுப்பில் ஈரவிறகை வைத்தால் எரியாமல் நாள் முழுக்கப் புகையுமே, அப்படி. வலி இருக்காது, அதனால் தெரியவும் தெரியாது.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, இரத்தத்தில் இரசாயனப் பொருள்களை விட்டுக்கொண்டே இருக்கிறது. கொழுத்த எலிகளின் கொழுப்பிலிருந்து அழற்சிப் பொருள் வருவதை 1993இலேயே கண்டுவிட்டார்கள். வயது போகப்போக, தோலுக்கடியில் இருக்கவேண்டிய கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. சில செல்கள் சாகவும் மாட்டாமல், வேலையும் செய்யாமல் கிழடுதட்டி நிற்கின்றன. வெள்ளணுக்கள் அங்கே கூடி அழற்சியை வளர்க்கின்றன. அதனால் இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் சரியாக மசிவதில்லை; சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது.

நடைப்பயிற்சி செய்தால் இந்த அழற்சி குறையும். உழைக்கும் தசை அழற்சியைத் தணிக்கும் பொருள்களை விடுகிறது, வயிற்றுக் கொழுப்பும் கரைகிறது. தராசில் எடை இறங்காவிட்டாலும் இந்தப் பலன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடமாவது, மிதமான வேகத்தில்.

"அந்தக் காலத்தில் ஏறாத மலையா, அது போதும்" என்று வேலை நின்ற பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் உட்கார்ந்துவிட்டால் பழைய உழைப்பின் பலன் மெல்லமெல்லக் கழிந்துவிடும்.