ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு டாஸ்க் செயலி: திரும்பி வரும் நாளுக்காக வடிவமையுங்கள்

கேள்வி: ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) உள்ளவர்களுக்காக, செய்ய வேண்டிய வேலைகளைப் பதிந்து வைக்கும் ஒரு டாஸ்க் செயலி உருவாக்கியிருக்கிறோம். முதல் சில நாள் ஆர்வமாகப் பயன்படுத்துகிறார்கள், அப்புறம் திறப்பதே இல்லை. ரிமைண்டரைக் கூட்டியும் பலனில்லை. எதை மாற்றலாம்?

பதில்: கூட்டிய ரிமைண்டர்களை முதலில் குறையுங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் அறிவிப்பை விரல் படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிடும். ஏடிஎச்டி பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்துவது இதுதான்: என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல்.

செயலி எந்தத் திரையில் கைவிடப்படுகிறது என்று பாருங்கள். பத்து நாள் கழித்து ஒருவர் திறக்கிறார். '37 வேலைகள் தாமதம்' என்று சிவப்பில் நிற்கிறது. அறுந்துபோன ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் தொடர்ந்த நாள்களின் எண்ணிக்கை) வேறு. சின்ன வயதிலிருந்து 'சோம்பேறி' என்று கேட்டு நொந்தவருக்கு இது இன்னொரு திட்டு. உடனே மூடிவிடுவார். அந்தத் திரையைத்தான் மாற்ற வேண்டும். பழைய வேலைகளைச் செயலியே ஓரமாக எடுத்து வைக்கட்டும், அழிக்க வேண்டாம். "இன்றைக்கு எதை எடுக்கலாம்?" என்று கேட்டு, இரண்டு மூன்றை மட்டும் காட்டினால் போதும். ஸ்ட்ரீக்கை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது.

அடுத்தது, தொடங்குவது. 'அறிக்கை முடிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் அதில் கை வைக்க இடமே இல்லை. 'போன மாத அறிக்கையைத் திறந்து தேதியை மாற்று' என்றால் உடனே செய்யலாம். பெரிய வேலையைப் பதிந்த பிறகு, அதைச் செய்ய எடுக்கும்போது "முதல் அசைவு என்ன?" என்று செயலி கேட்கட்டும். கூடவே 'காபி குடித்து முடித்ததும்' என்பதுபோல் எதற்குப் பிறகு செய்வது என்றும் சேர்க்க விடுங்கள். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுவது செயலில் இறங்க உதவும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வேலையைப் பதிவது மட்டும் ஒரே தட்டலில் முடியட்டும். பிரிவு, முன்னுரிமை, தேதி என்று கேட்கத் தொடங்கினால், அதை நிரப்புவதற்குள் நினைத்தது மறந்துவிடும். நேரத்தை எண்ணாகக் காட்டாமல் சுருங்கும் வட்டமாகக் காட்டுங்கள். எவ்வளவு மிச்சம் என்பது பார்த்ததும் தெரியும்.

சரி, இது பலிக்கிறதா என்று எப்படி அறிவது? முதல் வார எண்களை நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் புதுமையின் ஈர்ப்புதான் தெரியும். சில வாரம் விட்டுவிட்டவர்களை அழைத்து, அவர்கள் மறுபடி திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் முகம் சுருங்குகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.