மாலே நகரில் வீடு கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம்? குடும்பத்தோடு போகலாமா?

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறேன், ஆனால் வாடகையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 2015 முதல் 2021 வரை அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுக்குத் தங்கத் தந்தது நான்காவது மாடியில் ஓர் அறை. பெரிய கூடம் ஒன்றைப் பிளைவுட் பலகையால் மூன்றாகத் தடுத்திருந்தார்கள். நடுத்துண்டு எங்களுடையது, அதற்கு ஜன்னல் கிடையாது. இரண்டடுக்குக் கட்டில்கள் இரண்டு, ஆட்கள் நான்கு பேர். ஒருத்தி இரவுப் பணி முடித்து வந்து படுக்கிற நேரத்தில் இன்னொருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். விளக்கைப் போட மனம் வராது. கைப்பேசி வெளிச்சத்திலேயே தலை வாரிச் சீருடை உடுத்துவோம். ஈரத்துணி அந்த அறைக்குள்ளேயேதான் காய வேண்டும். ஆறு ஆண்டுகளில் அந்த ஈர வாடை என் பெட்டியை விட்டுப் போகவே இல்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் மாலத்தீவுக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார். கடைசிப் பையன் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வான். அவன் அம்மாவை நான் "தாத்தா" என்று கூப்பிடுவேன். திவேஹி மொழியில் அது அக்கா. ஒருநாள் அவர் தன் ஊர் வீட்டுப் படத்தைக் காட்டினார். தெற்கே ஒரு சின்னத் தீவு. நான்கு அறை, மணல் முற்றம், ஓரத்தில் சீமைப்பலா மரம். அதைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். மாமியாருக்கு டயாலிசிஸ், மூத்த மகளுக்கு மேல்நிலைப் படிப்பு. இரண்டும் அவர்கள் தீவில் இல்லை.

நீங்கள் கேட்ட "ஏன்" என்பதற்கு இந்தக் குடும்பத்தைத்தான் பதிலாகச் சொல்வேன். தீவு சிறியது, ஆகவே இடம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிறியதுதான், ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். ஆனால் 1977 கணக்கெடுப்பிலும் அது சின்னத் தீவாகத்தான் இருந்தது. அப்போது அங்கே இருந்தவர்கள் 30,000க்கும் சற்றுக் குறைவு. 2006இல், பக்கத்துத் தீவுப் பகுதிகளையும் சேர்த்து, ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள் சுமார் 5.15 லட்சம், அதில் சுமார் 2.12 லட்சம் பேர் மாலேயிலும் அதைச் சேர்ந்த ஹுல்ஹுமாலே, விலிமாலே பகுதிகளிலும் இருந்தார்கள். மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவாக இருக்க, ஐந்தில் இரண்டு பங்குப் பேர் ஓரிடத்தில் முட்டிமோதுகிறார்கள். பெரிய மருத்துவமனை, அமைச்சகங்கள், நீதிமன்றம், உத்தியோகம் எல்லாவற்றையும் ஒரே தீவில் கொண்டுபோய்க் குவித்தால் சனம் வேறு எங்கே போகும்? பிரசவத்துக்காகப் படகில் வந்து, வாரக்கணக்கில் வாடகை அறையில் காத்திருக்கும் கர்ப்பிணிகளை நான் பணியில் இருந்தபோது தொடர்ந்து பார்த்தேன். பிள்ளை பிறக்கும் முன்பே கடன்.

நிலமும் சிலர் கையில்தான். மாலேயில் தலைமுறையாக மனை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வாடகைதான் வருமானம். எங்கள் கட்டடத்துக்காரர் மனையைக் கட்டுநர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அவர் தன் செலவில் மாடிகளை எழுப்பி, பல ஆண்டுகளுக்குப் பல தளங்களின் வாடகையை எடுத்துக்கொள்வார். மனைக்காரர் குடும்பமே தங்கள் நிலத்தில் ஒரே தளத்தில் நெருக்கிக்கொண்டிருந்தது. அங்கே வீடுகளுக்குப் பெயர் உண்டு, முகவரியே அதுதான். பூவின் பெயர் சூட்டிய ஒரு பழைய வீட்டை இடித்து, அதே பெயரில் பத்து மாடி எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1997இல் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலேயை உருவாக்கத் தொடங்கி, 2004இல் மக்களைக் குடியேற்றினார்கள். 2018 ஆகஸ்டில் மாலேயை ஹுல்ஹுமாலேயோடு இணைக்கும் பாலம் திறந்தது. பிறகு இரண்டாம் கட்ட நிலத்தில் 25 மாடிக் கோபுரங்கள் 16, மொத்தம் 7,000 வீடுகள். அதில் வீடு கிடைத்த ஒரு சக ஊழியை, தன் பிள்ளைகளுக்கென்று தனி அறை இருப்பதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வீடுகள் குடிமக்களுக்கு. உங்களுக்கும் எனக்கும் அல்ல. பாலம் வருமுன் படகில் போக வேண்டும் என்பதால் அங்கே வாடகை குறைவாக இருந்தது. திறந்த பிறகு நான் அறை தேடிப் போனபோது அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியிருந்தது.

நெருக்கடியின் கொடுமையை 2020 ஏப்ரலில்தான் முழுமையாக உணர்ந்தேன். கொரோனா பரவி, மாலேயில் ஊரடங்கு. தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டு, நான்கு பேர் படுக்கும் அறைக்குத் திரும்புவேன். பலகைக்கு அப்பால் டயாலிசிஸ் பாட்டி இருமினால் எங்கள் நான்கு பேருக்கும் தூக்கம் போய்விடும்.

நான் திரும்பி வந்த பிறகு, 2022 நவம்பர் 10ஆம் தேதி, மாலேயில் வாகனப் பழுது பார்க்கும் இடத்துக்கு மேலே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த மாடியில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். இந்தியர்களும் வங்கதேசத்தவரும். அந்த மாடிக்கு ஒரே ஜன்னல்தான் என்று செய்தியில் படித்தபோது என் கை நடுங்கியது. எங்கள் அறையில் அதுவும் இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தங்குமிடம் நிறுவனம் தருமா, அல்லது வாடகைக்கென்று தனியாகப் பணப்படி தருமா? படியென்றால், இன்றைய வாடகையை அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பல மாத முன்பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அறை தருகிறோம் என்றால் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள், வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, படிக்கட்டு எத்தனை, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்குமா என்பதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆறு மாதம் இருந்து பார்த்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் அமைந்தால், அப்போது அவர்களுக்கு டிக்கெட் எடுங்கள்.