ரஷ்ய அரசு டிவி சொல்வதை அங்குள்ள மக்கள் எப்படி நம்புகிறார்கள்?

பொய்யைத் திறமையாகச் சொல்வதால் மட்டும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குரலே இல்லாமல் செய்துவிடுவதால்தான். 2001-இல் தனியார் சேனலான என்டிவி, அரசின் பிடியில் உள்ள காஸ்ப்ரோம் என்ற எரிவாயு நிறுவனத்தின் கைக்குப் போனது. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், அரசை விமர்சித்துவந்த எக்கோ மாஸ்கோ வானொலியை மூடினார்கள், அதே மாதம் ராணுவம் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டமும் வந்தது. அப்புறம், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காதுக்குப் பழகி உண்மை மாதிரியே தோன்றும், இது படித்தவர்களுக்கும் நடக்கும், அதனால் நம்புகிறவர்களை முட்டாள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பயந்து தலையாட்டுகிறவர்களும் உண்டு. அரசு சேனலிலேயே வேலை பார்த்த மரீனா ஒவ்சியானிகோவா, 2022 மார்ச் 14 அன்று நேரலையில் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் 'இங்கே உங்களிடம் பொய் சொல்கிறார்கள்' என்று எழுதிய அட்டையோடு வந்து நின்றார். சில நொடிகளில் திரையில் வேறு காட்சி வந்துவிட்டது.