‘உன்னால்தான் முடியுமே!’

கேள்வி: எனக்கு 34 வயது. தணிக்கைத் துறையில் வேலை. ஆட்டிசம் என்று தெரிந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருப்பதால் யாரும் நம்புவதில்லை. “நாற்பது பேர் முன்னால் பேசுகிறாய், வங்கிக்கு ஒரு போன் போட முடியாதா?” என்கிறாள் அக்கா. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல், விளக்குப் போடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நான் சோம்பேறியா, நடிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தோழி, அக்காவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இடம் கருதிச் சுருக்கிவிட்டேன்). செருப்பைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அதுதான் கடிதமே.

அக்காவுக்குத் தெரிந்தது நாற்பது பேர் முன்னால் பேசுகிற தங்கை. இருட்டில் உட்கார்ந்திருப்பவரை அவர் பார்த்ததே இல்லை. நாற்பது பேர் பெரிது, ஒரு போன் சிறிது என்பதும் அவருடைய கணக்கு. கூட்டத்துக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தயாராகிப் போயிருப்பீர்கள். போனில் என்ன கேட்பார்கள் என்றே தெரியாது, எதிராளியின் முகமும் தெரியாது, நொடியில் பதில் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு இதுதான் பெரிய வேலை.

படிப்பும் புத்தியும் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று மருத்துவ உலகமும் ரொம்ப நாள் நினைத்தது. பேச்சும் புத்தியும் பின்தங்காத ஆட்டிசத்துக்கு ‘ஆஸ்பெர்ஜர்’ என்று தனியாக இருந்த பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே ஸ்பெக்ட்ரமாக்கியது, அதாவது ஆளுக்கு ஆள் மாறுபடும் ஒரே வரிசை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் உள்ள 2,225 குழந்தைகள், இளையோரின் பதிவுகளை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. அறிவுத்திறன் எண்ணை வைத்து அன்றாடக் காரியங்களை எப்படிச் சமாளிப்பார்கள் என்று சரியாகக் கணிக்க முடியாது என்பதே அதன் முடிவு. ‘ஹை ஃபங்ஷனிங்’ (நன்றாகச் செயல்படுபவர்) என்ற பட்டத்தை அந்த ஆய்வாளர்கள் தலைப்பிலேயே தவறான பெயர் என்றார்கள். எனக்கும் அந்தப் பட்டம் பிடிக்காது. பாராட்டுப் போல வந்து, உதவி கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது.

நடிக்கிறேனா என்று கேட்டீர்கள். ஆமாம், கூட்டத்தில். கண்ணைப் பார்த்துப் பேசியது, சரியான இடத்தில் சிரித்தது, கை ஆடாமல் பிடித்துக்கொண்டது எல்லாம் அங்கே செய்த வேலை. இதைத்தான் மாஸ்கிங் என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நடிப்பு ஏதும் இல்லை.

இனி அக்காவிடம் ‘என்னால் முடியாது’ என்று வாதாட வேண்டாம். முடியும் என்பதற்குத்தான் அவரிடம் சாட்சி இருக்கிறதே! செலவைச் சொல்லுங்கள்: “போன் போட முடியும் அக்கா. அதற்கப்புறம் இன்றைக்கு வேறெதுவும் ஓடாது.” கூடவே ஒரு பண்டமாற்றும் பேசுங்கள். போன்கள் அவருக்கு, அவர் வீட்டுப் படிவங்களும் வரிக் கணக்கும் உங்களுக்கு. லாபம் அவருக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அலுவலகம் வேறு விஷயம். ‘எல்லாரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்’ என்று முன்பொரு முறை இதே பகுதியில் எழுதினேன். அப்படியே செய்த ஒரு வாசகரிடம் மறுநாள் முதல் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்களாம். பழைய எதிர்பார்ப்பே தேவலை என்று எழுதியிருந்தார். அதனால் காரணம் சொல்லாமலேயே கேட்கக்கூடியதைக் கேளுங்கள்: கேள்விகள் முன்கூட்டியே எழுத்தில் வரட்டும், ஒரு கூட்டம் முடிந்த கையோடு இன்னொன்று வேண்டாம். சொல்வதானால் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும்.

அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். கூட்டம் உள்ள நாளில் அதையும் நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். அது நாள்கணக்காக நீண்டால், சுலபமாகச் செய்தவையே கைவிட்டுப் போனால், முன்பு பொறுத்துக்கொண்ட சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போனால், அது ஆட்டிசத்தோடு வரும் பர்ன்அவுட்டாக, அதாவது உடலும் மனமும் அடியோடு ஓய்ந்துபோவதாக இருக்கலாம். அப்போது ஆட்டிசம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், அடுத்த கூட்டத்தன்று மாலை அக்காவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் வந்துவிட்டாரே என்று எழுந்து விளக்கைப் போட வேண்டாம்.