பழைய கடை எஸ்பிரெஸ்ஸோ மெஷினை வாங்கி வீட்டிலேயே சரிசெய்து ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைக்காரர். மூடிப்போன ஒரு காபிக் கடையின் இரண்டு குரூப் (காபி இறங்கும் தலை) உள்ள எஸ்பிரெஸ்ஸோ மெஷின் மலிவாக வருகிறதாம். ரொம்ப நாளாக ஓடாமல் கிடக்கிறது, வாங்கலாமா, வாங்கினால் முதலில் எதில் கை வைப்பது என்கிறார்.

வாங்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து இறக்கியதும் "ஓடுதா பார்ப்போம்" என்று சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். சும்மா கிடந்த மெஷின் நிரந்தரமாகச் செத்துப்போவது பெரும்பாலும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான்.

நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிறவன். போர்வெல் மோட்டார், கிரைண்டர், மிக்ஸிதான் பிழைப்பு. இந்த வகை மெஷின் ஒன்று என் வீட்டு இரண்டாம் கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, தெரிந்தவர்கள் சிலருக்கும் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். பார்த்தவரை இவற்றின் முக்கால்வாசி வியாதி தண்ணீரிலிருந்து வருவது. பம்ப், வால்வ், சென்சார் என்று தனித்தனியாகப் பழுது பார்த்தாலும் கடைசியில் உப்பில்தான், அதாவது தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவில்தான், வந்து நிற்போம்.

பார்க்கப் போகும்போது வெளிப் பளபளப்பில் மயங்க வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் பார்க்கிற கண் வேறு, இதற்கு வேண்டிய கண் வேறு. அங்கே களிம்பு ஏறியிருந்தால் விலை கூடும். இங்கே பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் ஒவ்வொரு இடமும் ஒழுகிய இடம். பித்தளை ஃபிட்டிங்குகளைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்து போயிருக்கிறது. ஸ்பேனர் வைத்தால் பிஸ்கட் போல உடையும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) இருக்கிற காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு உலோக அரிப்பைப் பற்றி நான் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

குரூப் எந்த வகை என்றும் பாருங்கள். முன்னால் கனமாகத் துருத்திக்கொண்டு, பக்கத்தில் சின்னக் கைப்பிடியோடு இருந்தால் அது ஈ61 (E61). ஃபேமா நிறுவனம் 1961இல் கொண்டுவந்தது, அந்த வருடத்துச் சூரிய கிரகணத்தை வைத்துப் பெயர். இன்றைக்கும் பல கம்பெனிகள் அதே வடிவத்தில் செய்வதால் உதிரிபாகத்துக்குக் கவலையில்லை. வேறு வகை என்றால் கேஸ்கட் கிடைக்குமா என்று ஆன்லைனில் தேடிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

சரி, இப்போது கரண்ட். பெயர்ப்பலகையில் ஹீட்டர் எத்தனை வாட் என்று இருக்கும். 3000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக் தாங்கும், பக்கத்தில் வேறெதுவும் ஓடாமல் இருந்தால். 4000 வாட் என்றால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதற்குத் தனி எம்சிபி (லோடு மீறினால் தட்டும் சுவிட்ச்), போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் நேராக இழுக்க வேண்டும். நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீடுகளில் தேக்குச் சட்டத்தின் மேல் ஓடுகிற அந்தக் காலத்து வயரிங்கில் இதை மாட்டவே கூடாது. சில மெஷின்களில் ஹீட்டர் மூன்று சுருளாக, மூன்று ஃபேஸுக்கு இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு சுருளும் 230 வோல்ட்டுக்கு ஆனதென்றால் மூன்றையும் பேரலலாக மாற்றி ஒரே ஃபேஸில் ஓட்டலாம். மூடிக்குள் அதற்கான படம் ஒட்டியிருக்கும்.

ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரை வையுங்கள். 3000 வாட் ஹீட்டர் 17, 18 ஓம் காட்டும். மூன்று 1000 வாட் சுருள்கள் என்றால் ஒவ்வொன்றும் 53 ஓம் பக்கம். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அடுத்து, ஹீட்டர் முனைக்கும் பாடிக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்). ஒரு மெகா ஓமாவது இருக்க வேண்டும். ஓடாமல் கிடந்த மெஷினில் பெரும்பாலும் இருக்காது. ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். போட்டவுடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) தட்டிவிடும், "ஹீட்டர் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது. கழற்றி, தெரிந்த பேக்கரி இருந்தால் அவர்கள் ஓவன் அடுப்பில் 110 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்து மறுபடி மெக்கர் பாருங்கள். பல ஹீட்டர்கள் இப்படிப் பிழைத்துவிடும்.

ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணே, எர்த்தைக் கழட்டிவிட்டேன், இப்ப டிரிப்பே ஆகலைண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னான். "இனிமே போர்டு டிரிப் ஆகாதுப்பா, தொடுறவன்தான் ஆவான்" என்று சொல்லி அனுப்பினேன். தண்ணீரும் ஈரக் கையும் உலோகமுமாக இருக்கிற சாமான் இது. எர்த்திலும் ஆர்சிசிபியிலும் சமரசமே கிடையாது.

மோட்டார் என் தொழில் என்பதால் ஒரு வார்த்தை. உம்மென்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது பம்ப் இறுகியிருக்கலாம். பம்ப்பைக் கழற்றி, அதன் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. இந்தப் பித்தளை ரோட்டரி பம்ப்புக்குள் கார்பன் தகடுகள் இருக்கின்றன. தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்துவிடும். அதனால்தான் முதலிலேயே சுவிட்சைத் தட்டாதீர்கள் என்றேன்.

இனி உப்பு. பாய்லரின் ஹீட்டர் தட்டை அவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளைப் பூச்சுதான் என்றால் எலுமிச்சை உப்பு போதும், மளிகைக் கடையில் கிடைக்கும் அதே சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம். 12 லிட்டர் பாய்லருக்கு 600 கிராம். கொதிக்கவைத்தால் இன்னும் நன்றாகக் கரையும் என்று தோன்றும், ஆனால் சூடு ஏற ஏற கால்சியம் சிட்ரேட் கரைவது குறைந்து வெள்ளை மண்டியாக அடியில் உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பு போதும்.

முட்டை ஓடு மாதிரி தடித்த செதில்கள் இருந்தால் கதை வேறு. மெஷினோடு வைத்து ஆசிட்டை ஓட்டினால் செதில்கள் பாதி கரைந்து பெயர்ந்து, குரூப்புக்குப் போகும் வழியில் இருக்கிற ஜெட்டில் போய் அடைக்கும். அந்த ஜெட்டின் துளையே 0.6, 0.8 மில்லிமீட்டர்தான். முழுக்கக் கழற்றி, செதில்களைக் கையால் பெயர்த்து எடுத்துவிட்டு, செம்பு, பித்தளைப் பாகங்களை வாளியில் ஊறவைப்பதுதான் வழி. குரோம் பூசியதை அதிக நேரம் ஊறவைக்காதீர்கள், அலுமினியத்தைப் போடவே போடாதீர்கள். ஊறிய தண்ணீர் நீலப் பச்சையாக வரும், அது கரைந்த செம்பு; செடிக்கு ஊற்ற வேண்டாம். இந்த வேலையெல்லாம் கொல்லையில். ஆத்தங்குடி கல் பதித்த தரையில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் சிமெண்டை ஆசிட் தின்று அந்த இடம் மங்கிவிடும். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) வைத்து ஒருவர் செய்தார். அவர் வீட்டு ஆச்சி மெஷினையே தெருவில் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

திரும்ப மூட்டும்போது கேஸ்கட்டெல்லாம் புதிது. எஞ்சின் கேஸ்கட் ஷீட்டை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்வார்கள். குடிக்கிற தண்ணீர் படுகிற இடம். உணவுக்குரிய டெஃப்லான் ஷீட்டோ, அந்த மெஷினுக்கே உரியதோ போடுங்கள். குரூப் கேஸ்கட் பெரும்பாலும் கருங்கல்லாக இறுகியிருக்கும். சின்ன ஸ்க்ரூவை அதில் இரண்டு இடத்தில் ஏற்றி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாக வரும். பொறுமையாக இழுங்கள், பித்தளைப் பள்ளத்தைக் கீறிவிடாதீர்கள். இழுக்கும்போது உள்ளிருந்து வருகிற பழைய காபி எண்ணெய் நாற்றத்தைப் பார்த்தால் அந்தக் கடை ஏன் மூடியது என்று புரியும்.

சேஃப்டி வால்வைப் பழசாகவே விடாதீர்கள். அழுத்தம் ஏறியதும் ஹீட்டரை அணைக்கிற பிரஷர் ஸ்விட்சின் முனை கருகி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. அப்போது உங்களைக் காப்பாற்றக் கடைசியாக இருப்பது அந்த சேஃப்டி வால்வ்தான். பெரும்பாலும் 1.8 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) திறக்கும்படி இருக்கும். ஒழுகுகிறதே என்று அதை இறுக்குவதோ அடைப்பதோ தற்கொலை. 1.2 பாரில் உள்ளே இருக்கும் தண்ணீர் 123 டிகிரி, ஒரு நட்டு கழன்றாலும் ஆவியும் கொதிநீருமாகப் பாயும். முதல் தடவை சூடேற்றும்போது பக்கத்திலேயே நின்று பிரஷர் மீட்டரின் முள்ளைப் பாருங்கள். 1 முதல் 1.3க்குள் ஹீட்டர் தானாக அணைய வேண்டும். 1.5ஐத் தொட்டால் மெயினை அணையுங்கள். ஆறி, முள் பூஜ்யத்துக்கு வரும்வரை எந்த நட்டிலும் கை வைக்கக் கூடாது.

அப்புறம் வரும் கோளாறுகளில் இரண்டு எல்லாரையும் குழப்பும்.

ஒன்று, முள் 1 பார் காட்டும், ஸ்டீம் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று கொஞ்சம் வந்து அடங்கிவிடும். பாய்லர் தலையில் இருக்கும் காற்று வால்வ் மூடியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூடேறும்போது உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லை, முள் காட்டுவது அந்தக் காற்றின் அழுத்தத்தைச் சேர்த்து. ஆறியபிறகு அந்த வால்வைக் கழற்றி உப்பைத் துடைத்து, ஓ-ரிங் மாற்றினால் தீர்ந்தது.

இன்னொன்று, பாய்லர் நிரம்பியும் பம்ப் நிற்காமல் ஓடி, ஸ்டீம் குழாயில் தண்ணீர் வருவது. பாய்லருக்குள் ஒரு கம்பி தொங்கும். தண்ணீர் அதைத் தொட்டால் சின்னக் கரண்ட் பாய்லர் உடம்புக்குப் போய், நிரம்பிவிட்டது என்று கண்ட்ரோல் பெட்டிக்குத் தெரியும். பெட்டியைச் சந்தேகப்படுவதற்கு முன் மெயினை அணைத்து, அந்தக் கம்பியின் வயரைக் கழற்றி, கிளிப் வயரால் பாய்லர் உடம்போடு இணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பம்ப் நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, கம்பியில்தான் கோளாறு. உப்பு படிந்திருக்கும், உரசித் துடைத்தால் போதும்.

கம்பி சுத்தமாக இருந்தும் பம்ப் நிற்கவில்லையா? நீங்கள் ஊற்றுகிற தண்ணீரைப் பாருங்கள். உப்புக்குப் பயந்து எல்லாரும் ஆர்ஓ கேன் தண்ணீருக்குப் போய்விடுகிறார்கள். தாது ரொம்பக் குறைந்த தண்ணீர் கரண்டைச் சரியாகக் கடத்தாது. தண்ணீர் தொட்டதே பெட்டிக்குத் தெரியாமல் அது பாட்டுக்கு நிரப்பிக்கொண்டே இருக்கும். வளவில் நாலு பக்கமும் இறங்கும் மழையை அண்டாவில் பிடித்து வைக்கிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. பருப்பு வேகவும் குடிக்கவும் அருமையான தண்ணீர், மெஷினுக்குத் தனியாக ஊற்றினால் இதே பிரச்சினை.

காபிக்குப் பொதுவாகச் சொல்கிற டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுவின் அளவு) லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம், நடுவாக 150. எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்குப் பெயர் போனது, ஆனால் ருசியை வைத்துக் கடினத்தன்மையைச் சொல்ல முடியாது. ஆர்ஓ தண்ணீரில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, டிடிஎஸ் மீட்டரில் 120, 150 வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் கடினத்தன்மைச் சொட்டுகளையும் போட்டுப் பார்த்தால் நல்லது. வாயில் கரிக்கிற தண்ணீரைக் கலக்காதீர்கள். அந்தக் குளோரைடு செம்பையும் ஸ்டீலையும் அரிக்கும், சாஃப்டனர் அதை எடுக்காது. கேனை மெஷினைவிட உயரத்தில் வைத்தால் பம்ப்புக்குச் சிரமம் இல்லை.

பம்ப்பின் பக்கத்து ஸ்க்ரூவைத் திருப்பி 9 பாருக்கு வையுங்கள், தூள் போட்டு காபி இறங்கும்போது முள் காட்டுகிற 9. வீட்டு பில்டர் காபித் தூளை இதில் போட வேண்டாம். சிக்கரி தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கவிடாது, அடைக்கவும் செய்யும். நல்ல கிரைண்டருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

எல்லாம் மாட்டி ஓட்டும்போது பாய்லர் வெல்டிங்கில் கசிவு தெரிந்தாலோ, பாய்லரை நிரப்பாத நேரத்திலும் தண்ணீர்க் கண்ணாடியில் மட்டம் ஏறிக்கொண்டே போனாலோ நிறுத்துங்கள். இரண்டாவதற்கு முதலில் நிரப்பும் சோலினாய்டை (கரண்டில் திறக்கும் வால்வை) சுத்தம் செய்து பாருங்கள், தூசி சிக்கியிருந்தால் அதோடு சரியாகிவிடும். அதற்குப் பிறகும் ஏறினால் பெரும்பாலும் பாய்லருக்குள் காபித் தண்ணீர் போகிற குழாயில் ஓட்டை. பாய்லர் வெல்டிங் தெரிந்த ஆள் கையில் இல்லையென்றால் நான் அந்த மெஷினை விட்டுவிடுவேன். பம்ப், மோட்டார், குரூப், கண்ட்ரோல் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை எடைக்குப் போடலாம். செம்புக்கும் பித்தளைக்கும் நல்ல விலைதான் இப்போது.