முதலில் நகரம், பிறகு வான்

கேள்வி: காலபோக வெட்டு முடிந்ததும் நானும் மனைவியும் ஆறு வயது மகளும் சித்திரை விடுமுறைக்கு நியூசிலாந்து போக இருக்கிறோம். படுக்கையும் அடுப்பும் உள்ள வான் ஒன்றை விமான நிலையத்திலேயே எடுத்து, இரண்டு நாள் ஒக்லாந்தைச் சுற்றிப் பார்த்து, இரவில் வானுக்குள்ளேயே படுத்தால் ஹோட்டல் காசு மிஞ்சும்தானே? - வாசகர், பரந்தன்

பதில்: மிஞ்சாது. நகரத்தில் நிற்கிற இரண்டு நாளும் ஓடாத வானுக்கு வாடகை கட்டுவீர்கள், அதை நிறுத்தி வைக்க வேறு காசு போகும், மாடி வைத்த வாகனத் தரிப்பிடங்களில் உயரமான வான் நுழையவும் முடியாது. படுக்கிற விஷயமும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 2023இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, உள்ளூராட்சி சபைகளின் காணிகளில் இலவசமாகத் தங்குவதென்றால், சபை வேறுவிதமாக அனுமதித்த இடங்களைத் தவிர, வானில் நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்கான பச்சை அட்டையும் இருக்க வேண்டும். வானில் எடுத்து வைக்கக்கூடிய சின்னக் கழிப்பறை மட்டும் இருந்தால் அந்த அட்டை கிடைக்காது, பிடிபட்டால் தண்டம் நூற்றுக்கணக்கான டொலர். அதனால் வான் பதிவு செய்யும்போதே பச்சை அட்டை உள்ளதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, நித்திரை. கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை, சிங்கப்பூர் போல ஓரிடத்தில் மாறித்தான் போக வேண்டும். சித்திரையில் அங்கே மதியம் 12 மணி என்றால் நமக்கு விடிய 5.30. இரவு முழுக்கத் தூங்காமல் இறங்குகிறவர், தெரியாத ஊரில், தான் ஒருநாளும் ஓட்டாத நீளமான வானை, பின்சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆகவே முதல் இரண்டு இரவும் நகரத்துக்குள் பாக்பேக்கர் விடுதியில் குடும்ப அறை ஒன்று எடுங்கள். பஸ்ஸும் படகும் உங்கள் கால்களும் போதும். துறைமுகத்திலிருந்து டெவன்போர்ட்டுக்குப் படகில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் 328 மீற்றர் உயர ஸ்கை டவரோடு முழு நகரமும் தெரியும், டவரில் ஏறக் காசு கட்டத் தேவையே இல்லை. மவுங்காவாவு என்கிற ஈடன் மலைக்கும் கட்டாயம் போங்கள். 196 மீற்றர்தான், அடங்கிப்போன எரிமலை, உச்சியில் நின்றால் 50 மீற்றர் ஆழத்துக்குப் புல் மூடிய கிண்ணம் ஒன்று காலடியில் கிடக்கும். உச்சிக்கு வாகனம் விடமாட்டார்கள், நடக்க இயலாதவர்களைத் தவிர எல்லோரும் நடைதான். மலையே குன்றே இல்லாத நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது நல்ல காட்சி.

மூன்றாம் நாள் காலை வானை எடுங்கள். வான் கொடுக்கிற இடங்கள் பல விமான நிலையத்தை அண்டித்தான் இருக்கின்றன. போகிற வழியில் சண்ட்ரிங்காம் என்கிற ஒக்லாந்துப் புறநகரில் நம் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன, அரிசி, பருப்பு, தூள் எல்லாம் அங்கே வாங்கிவிடலாம். வானுக்குள் மீன் பொரிக்க வேண்டாம், மெத்தையில் ஏறிய மணம் லேசில் போகாது. கட்டணத் தங்குமிடங்களில் பொதுக் குசினி இருக்கும், பொரியலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் வான் என்றால் பம்பில் விலை குறைவாகத் தெரியும். ஆனால் டீசல் வாகனங்களுக்கு ஓடுகிற கிலோமீற்றர் கணக்கில் தனி வீதிக் கட்டணம் உண்டு, அதை வான் திருப்பிக் கொடுக்கும்போது அறவிடுவார்கள். வைப்புப் பணத்துக்குக் கடனட்டை கேட்பார்கள். விபத்தென்றால் உங்கள் கையால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள், அது சில ஆயிரம் டொலர் இருக்கும். ஏழு வயது ஆகும் வரை பிள்ளைக்குத் தனி ஆசனம் சட்டப்படி கட்டாயம், அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

சித்திரை அங்கே இலையுதிர் காலம், கோடைக் கூட்டம் குறைந்திருக்கும், வாடகையும் இறங்கும். பெரிய வெள்ளி வார இறுதியை மட்டும் தவிருங்கள். தென்தீவுக்கு வானோடு படகேற ஆசை வரும். மூன்றரை மணித்தியாலப் பயணம், கட்டணமும் பெரிசு. முதல் தடவைக்கு வடதீவே போதும், ரொட்டோருவாவின் வெந்நீர் ஊற்றுகள் ஒக்லாந்திலிருந்து சுமார் 230 கிலோமீற்றர்தான்.

கேள்வி: நம் நாட்டு லைசென்ஸோடு அங்கே ஓட்டலாமா? - வாசகர், மாங்குளம்

பதில்: ஓட்டலாம், அட்டையில் ஆங்கிலமும் இருக்கிறதே. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் உதவாது. அங்கேயும் இடப்பக்கம்தான். ஊருக்கு வெளியே பல பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம், வட்டுவாகல் பாலத்தில் மற்றவர் வந்து முடியக் காத்து நிற்கிற மாதிரி. அங்கே அதற்குப் பலகை இருக்கும்: வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால், நிற்க வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: அங்கே இருக்கிற தங்கச்சிக்குக் காட்டுத்தேனும் கருவாடும் கொண்டு போகலாமா? - வாசகி, முள்ளியவளை

பதில்: தேன் வேண்டவே வேண்டாம் அக்கா, அவர்களுடைய தேனீக்களுக்கு நோய் வந்துவிடும் என்று உள்ளே விடமாட்டார்கள். கருவாடு, ஒடியல், மிளகாய்த்தூள், வயல் சேறு பட்ட சப்பாத்து எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் காட்டுங்கள். பார்த்துவிட்டு விடலாம், எடுத்தும் விடலாம், ஆனால் சொன்னதற்குத் தண்டம் இல்லை. மறைத்துப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டொலர்.