சீன ஆலை 30 நாளில் சரக்கு தருவதாகச் சொல்கிறது. நம்பி ஆர்டர் கொடுக்கலாமா?

ஆலை சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அந்த 30 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. உங்கள் கேள்வியின் அவசரத்தைப் பார்த்தால், யாருக்கோ தேதி சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் கடைப் பெயர் அச்சிட்ட பை, பேனா, சாவிக்கொத்து போன்ற பரிசுப் பொருள்களை விற்கிறேன். 2021 ஜூன் கடைசியில் ஒரு நகைக்கடைக்காரர், தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க 3,000 மூன்று மடிப்புக் குடைகள் கேட்டார். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 4. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் சோங்சியா என்ற ஊர் குடைத் தொழிலுக்குப் பெயர்போனது. அங்கே ஓர் ஆலை 30 நாள் என்றது. கப்பலுக்கு 20 நாள், சுங்கத்துக்கு ஒரு வாரம் என்று கூட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில் சரக்கு கைக்கு வந்துவிடும், இரண்டு மாதம் மிச்சம் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆலப்புழையில் குடை கிடைக்காதா, எதற்குச் சீனா என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடைக்கும், நல்ல குடையாகவே கிடைக்கும். நகைக்கடைக்காரர் தர முன்வந்த விலைக்குக் கிடைக்காது. 2022 பட்ஜெட்டில் குடைக்கு இறக்குமதி வரியை 20 சதவீதம் ஆக்கிய பிறகு நானும் சீனக் குடைப் பக்கம் போவதில்லை. போதுமா?

முதலில் கறுப்புத் துணி என்று பேசி முடித்தோம். கறுப்பு எப்போதும் ஆலையில் இருப்பில் இருக்கும். ஒரு வாரம் கழித்து நகைக்கடைக்காரரின் தாயார், "நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா கொடுப்பது?" என்று கேட்டுவிட்டார். அரக்கு நிறத்துக்கு மாறினோம். துணிக்குப் புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டும் என்று ஆலை கூடுதலாக 10 நாள் கேட்டது. மாதிரிக் குடை கூரியரில் வந்து சேர்ந்த நேரத்தில் ஓர் எண்கணித சோதிடர் உள்ளே நுழைந்தார். கடைப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் இன்னொரு 'ஏ' சேர்க்க வேண்டுமாம். அச்சுப் படத்தைத் திருத்தி, மறுபடி மாதிரி வரவழைத்து, அவர் சரி என்று சொன்னபோது ஜூலை 27.

மறுநாளே 30 சதவீத முன்பணத்தை அனுப்பினேன். வழியில் ஏதோ ஒரு வங்கி 25 டாலரைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டது. பணம் குறைகிறது என்று ஆலையின் கணக்குப் பிரிவு ரசீது தர மறுத்தது. கெஞ்சிப் பேசி, குறைந்ததைக் கடைசித் தவணையில் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ள வைத்தபோது ஆகஸ்ட் 2. அன்றுதான் விலைப்பட்டியலின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: மாதிரி ஒப்புதலும் முன்பணமும் கிடைத்த நாளிலிருந்து 30 வேலை நாள். என் கணக்கில் கெடு ஏறக்குறைய முடிந்திருந்தது. அவர்களுக்கு அன்றுதான் முதல் நாள்.

ஆகஸ்ட் 11 அன்று, நிங்போ துறைமுகத்தின் மெய்ஷான் முனையத்தில் ஒரே ஓர் ஊழியருக்குக் கொரோனா என்று முனையத்தையே மூடினார்கள். இரண்டு வாரம். என் குடைத் துணி அப்போது சாயத்தொட்டியில் இருந்தது. ஆனாலும் அங்கே தேங்கிய சரக்குக்குப் பின்னால்தானே நானும் நிற்க வேண்டும்? செப்டம்பர் 17 அன்று முடிந்த சரக்குக்கு இரண்டு கப்பல்களில் இடம் கிடைக்கவில்லை. அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய நாள் விடுமுறை. 9ஆம் தேதிதான் கப்பல் ஏறியது. 50 அட்டைப்பெட்டிக்குத் தனிக் கண்டெய்னர் கட்டுப்படியாகாது என்பதால் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் வேறு கப்பலுக்கு மாற்றுவதற்குள் ஒன்பது நாள் போயிற்று. சென்னைக்கு வந்தது நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தைய நாள்.

நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஊர் முழங்கால் தண்ணீரில் நின்றது. என் 3,000 குடைகள் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் சுங்க அனுமதிக்குக் காத்திருந்தன. மறுநாள் நனைந்துகொண்டே கிளியரிங் ஏஜென்டைப் பார்க்கப் போனேன்.

வெகு நாள் வரை எல்லாரிடமும் கொரோனாதான் காரணம் என்று சொல்லிவந்தேன். கறுப்புத் துணி, பழைய பெயர் என்று ஜூலை 1 அன்றே தொடங்கியிருந்தால், மெய்ஷானை மூடும் முன் சரக்கு கிளம்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு மாதத்தைத் தொலைத்தவர்கள் நாங்கள்.

நகைக்கடைக்காரர் குடைகளைப் பொங்கலுக்குக் கொடுத்துக்கொள்வதாகச் சொல்லி விலையில் 30 சதவீதம் குறைத்தார். மிச்சப் பணத்துக்கு, "ஆடி போகட்டும்" என்றார். தங்கம் வாங்க வருகிறவர் அன்றைக்கே பணத்தை எண்ணி வைக்க வேண்டும். நகைக்கடைக்குப் பை தருகிறவனும் காலண்டர் அடிக்கிறவனும் ஆறு மாதம் நடக்க வேண்டும். முகம் பார்த்திராத சீனாக்காரருக்கு, கப்பல் ரசீதின் நகலைப் பார்த்த அன்றே நான் பாக்கி 70 சதவீதத்தை அனுப்பினேன். நகைக்கடை என் கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து காசோலை வர ஆவணி ஆயிற்று. கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும்.

ஆலை 30 என்றால் நான் இப்போது 90 என்று எழுதிக்கொள்கிறேன். முழுக் கண்டெய்னர் எடுக்கிற பெரிய வியாபாரிகள் சிரிக்கலாம், அவர்கள் கணக்கு வேறு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு குறுக்கிட்டால் இன்னும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் போனால் சீக்கிரம் திரும்புவதில்லை. முன்பணம் அனுப்பும்போது, வங்கிப் படிவத்தில் எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கிறார் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அந்த 25 டாலரை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.